எஃப் பிளாக் செத்து அறுபது வருஷமாச்சு

ரேஷன் கடையில் பருப்புக்கு நின்றிருந்த ரோசலினிடம், அவள் வீடு பாழடைந்து அறுபது வருஷமாகிறது என்று சொன்னார்கள்.

"யாரு சொன்னது?" என்றாள் ரோசலின்.

"மெஷின் சொல்லுது." கடைக்காரர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "உப்பங்கழிக் குடியிருப்பு, எஃப் பிளாக். கட்டடம் மரித்தது. ஆள் நடமாட்டம் நின்று அறுபது ஆண்டு. அந்த விலாசத்துல இருக்கிற கார்டு எல்லாம் ரத்து."

"காலைல அங்கதானய்யா தோசை சுட்டேன்."

"அத மெஷின்கிட்ட சொல்லும்மா."

"எனக்கு வயசே நாப்பத்தெட்டு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே என் வூட்டக் காலி பண்ணிட்டனா?"

கடைக்காரருக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ரோசலின் வெறும் பையோடு வெளியே வந்து, மகளுக்குப் போன் போட்டாள். கட்டடம் சம்பந்தமாக ஊரில் எது கெட்டாலும், கட்டடக் கலை படித்த மகள்தான் பொறுப்பு என்பது அவள் முடிவு.

"இன்னாடி பண்ணி வச்ச?"

இந்த முறை அம்மா சொன்னது சரி.

பிரிசில்லா அப்போது படக் கம்பெனியின் கொட்டகையில் ஒரு ரப்பர் கொடிக்குக் காய்ந்த இலை ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் பாழ் வடிவமைப்பாளர். 'மிச்ச உலகம்' என்ற இணையத் தொடருக்கு, உலகம் அழிந்து அறுபது வருஷம் கழித்துச் சென்னை எப்படி இருக்கும் என்று செய்து காட்டும் வேலை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள், ஐந்து வருஷம் உதவித்தொகையில் கட்டடம் கட்டப் படித்துவிட்டு, கட்டடங்களைப் பாழாக்கிச் சம்பளம் வாங்கினாள். கட்டுகிற வேலைக்குப் போன இடங்களில் எல்லாம், "அப்பா என்ன பண்றார்" என்றுதான் முதல் கேள்வி கேட்டார்கள். பாழாக்குகிற இடத்தில் யாரும் கேட்கவில்லை.

இடம் தேடும் கூட்டத்தில் நடந்ததை அவள் மறக்கவில்லை. இயக்குநர் நிகேதன், தாடியைத் தடவிக்கொண்டே ஒரு புகைப்படத்தைத் திரையில் போட்டார். "இதப் பாருங்க. இங்க செட் வேலையே தேவையில்ல. உலகம் இங்க ஏற்கெனவே அழிஞ்சிடுச்சு." எல்லோரும் சிரித்தார்கள். படத்தில் இருந்தது எஃப் பிளாக். இரண்டாவது மாடிக் கொடியில் தொங்கிய பச்சை நைட்டி அவள் அம்மாவுடையது.

பிரிசில்லா வாயைத் திறக்கவில்லை. கல்லூரியிலும் சரி, வேலையிலும் சரி, அவள் விலாசம் யாருக்கும் தெரியாது. வந்த கோபத்தை வேலையில் காட்டினாள். அழிவைத்தானே கேட்கிறாய், இந்தா பார் என்று காட்டினாள்.

பேரழிவுப் படத்தில் முதலில் பேசுவது கட்டடம்தான். நாயகன் வாயைத் திறக்கும் முன்பே, எத்தனை வருஷம் ஆயிற்று, யார் ஓடினார்கள், யார் ஓட முடியாமல் அங்கேயே கிடந்தார்கள் என்று சுவர் சொல்லிவிடும். அதைச் சொல்ல வைக்கிற வித்தை அவளிடம் இருந்தது. தண்ணீர் எந்த மூலையில் கசியும், எந்தக் கசிவில் அரசங்கன்று முளைக்கும், எந்தக் கம்பி முதலில் துருவேறிச் சிமெண்டைத் துப்பும் என்று பாடம் சொல்லித் தர அவளுக்கு ஆள் தேவைப்படவில்லை. அவளுடைய பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் அந்தக் கசிவில்தான் ஊறிப் போயின. அறுபத்துநாலு குடும்பத்தையும் பதினெட்டு நாள் கல்யாண மண்டபத்தில் தங்க வைத்துவிட்டு, துணிக்கொடிகளை அவிழ்த்தாள், கோலங்களை அழித்தாள், பாசியைப் பூசினாள். கடைசி அத்தியாயமும் இங்கேயே எடுக்க வேண்டும், அதுவரை பாசி சுவரிலேயே இருக்கட்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. சனங்கள் திரும்பி வந்து, பாசிக்கு நடுவிலேயே சோறு பொங்கினார்கள்.

ஒரே ஒரு தப்பு செய்தாள். படங்களில் வழக்கமாக ஊர்ப் பெயரை மாற்றிவிடுவார்கள். பிளாக்கின் செயலாளர் டில்லிபாபு, மண்டபத்துக்குக் கிளம்புகிற அன்று வந்து சொன்னார்: "பேரப் போடு பிரிசி. வெயில்ல வெளுத்துப்போய் தபால்காரனுக்கே தெரியல. உலகம் பூராப் பாக்கட்டும், எஃப் பிளாக்குன்னு ஒண்ணு இருந்துச்சுன்னு."

அவளுக்கும் ஆசைதான். மூன்றடி உயர எழுத்தில் முகவரியை முழுதாக எழுதி, அதன்மேல் அவ்வளவு பிரியமாகத் துருப் பூசினாள். ஏழாம் அத்தியாயத்தில் கேமரா அந்தப் பெயர்மேல் ஒன்பது விநாடி நின்றது. இருபத்திரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். இருபத்திரண்டு லட்சத்து ஓராவதாக 'பார்வை' பார்த்தது.

*

கட்டடப் பதிவு அலுவலகத்தில் ஒரே ஒரு மனிதர் இருந்தார். பெயர் சபரிநாதன். மேசைமேல் 'விளக்க அலுவலர்' என்று பலகை.

"சார், கட்டடம் நிக்குது. வந்து பாருங்க," என்றாள் பிரிசில்லா.

"பாக்குற வேலைய என்கிட்டருந்து எடுத்துட்டாங்கம்மா. நான் விளக்கம் மட்டும்தான் சொல்லலாம்." அவர் வருத்தமாகத்தான் சொன்னார். "முன்னாடி ஆய்வாளருங்க போய்ப் பாத்தாங்க. கவர் வாங்கிட்டு, விழப்போறதை நிக்கும்னாங்க, நிக்குறதை விழும்னாங்க. அதனாலதான் இந்த 'பார்வை' புரோகிராம். ஊர்ல வர்ற எல்லா வீடியோவையும் பாக்கும். எந்தக் கட்டடத்துக்கு உயிர் இருக்கு, எதுக்கு இல்லைன்னு அதுவே முடிவு பண்ணும். உயிர் இருந்தா தண்ணி, கரண்ட், கார்டு. இல்லைன்னா பதினஞ்சு நாள்ல இடிக்க வண்டி வந்துரும். உங்களுக்குப் பதினெட்டாம் தேதி காலைல."

"அது சினிமா சார். கதை."

"அதுக்குக் கதை தெரியாதும்மா."

"நேத்து எங்க பிளாக்ல எல்லாரும் போன்ல வீடியோ எடுத்துப் போட்டோமே. சமைக்கிறது, தூங்குறது, சண்டை போடுறது, எல்லாம்."

சபரிநாதன் கணினியைத் தட்டினார். "பாத்துருக்கு. எண்ணூறு பேர்தான் பாத்த படம்னு மதிப்பு கம்மியாப் போட்டுருக்கு. அப்புறம் இதோ, 'போலி. இந்த நிலையில் உள்ள கட்டடங்களில் மனிதர்கள் வசிப்பதில்லை.'"

பிரிசில்லாவுக்குச் சிரிப்பு வந்தது. எரிச்சலும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் விக்கல் எடுத்தது. அவர் தண்ணீர் கொடுத்தார்.

"செத்த கட்டடம் எப்படி இருக்கும்னு அதுக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தா?"

"அங்கதான் விஷயம். கத்துக்குடுக்கணும்னா லட்சக்கணக்குல வீடியோ வேணும். செத்த கட்டடத்த யாரு வீடியோ எடுக்குறா? தேடிப் பாத்தாங்க. உலகம் அழியுற படங்கள்லதான் ஏராளமா இருந்துச்சு. அதையே ஊட்டிட்டாங்க."

"உயிருள்ள கட்டடத்துக்கு?"

அவர் பக்கத்து அறையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஃபிளாட் விக்கிற விளம்பரம்."

அவர் ஒரு பதிவைத் திறந்து காட்டினார். மேகமாளிகை டவர்ஸ். இருபத்தெட்டு மாடி. உயிருள்ளது. உறுதிச் சான்று, முதல் தரம். தினமும் ஆறு லட்சம் லிட்டர் தண்ணீர்.

"இது எங்க சார் இருக்கு? நான் அந்தப் பக்கம் தினம் போறேன், பாத்ததில்லையே."

"இன்னும் கட்டலம்மா. விளம்பரம் மட்டும் வந்துருக்கு. தண்ணி போய்க்கிட்டுதான் இருக்கு. அந்த மைதானத்துல இப்ப நாரை எல்லாம் வருதாம்."

பிரிசில்லா எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அறுபத்துநாலு குடும்பத்துக்குத் தண்ணீர் நின்று இரண்டு நாளாகிறது. கட்டாத கட்டடத்தில் நாரை குளிக்கிறது. இந்த ஊரில் கோபப்பட்டுத் தீராது என்று அவளுக்குத் தெரிந்தது. தலை லேசாகச் சுற்றியது, ராட்டினத்தில் உச்சிக்குப் போனதுபோல.

"சார், விளம்பரத்துல அது எதையெல்லாம் பாத்து உயிர்னு சொல்லுது? பட்டியல் இருக்கா?"

"இருக்கு. ஆனா அது ஆபீசுக்குள்ள மட்டும்..." சபரிநாதன் அவள் முகத்தைப் பார்த்தார். ஆறு வருஷமாக அவர் விளக்கம் சொல்லி, யாரும் அடுத்த கேள்வி கேட்டதில்லை. "அச்சடிச்சே தரேன்," என்றார்.

*

நிகேதனின் அலுவலகம் ஏசியில் உறைந்துகொண்டிருந்தது.

"கடைசி அத்தியாயத்துல அந்தக் கட்டடம் உயிர் பெறணும்," என்றாள் பிரிசில்லா. "சாம்பல்லேர்ந்து நாயகன் நடந்து வர்றான். எஃப் பிளாக் வெள்ளையா, பளபளன்னு நிக்குது. ஆளுங்க இருக்காங்க."

"பிரிசில்லா, இது பேரழிவுக் கதை. ரிப்பேர் வேலைய யாரு பார்ப்பா? இடிஞ்சு கிடக்கிற கட்டடம்தான் கதையோட ஆன்மா. அதப் பாத்தாத்தான் ஜனங்களுக்கு ஒரு நடுக்கம் வரும்."

"யாருக்கு சார் நடுக்கம்? உங்களுக்கு. விரிசலும் பாசியும் பாத்தா உங்களுக்கு உலகம் அழிஞ்ச மாதிரி இருக்கு. எங்களுக்கு அது திங்கக்கிழமை. நீங்க காட்டுற பேரழிவுல எங்க வீடு அப்படியேதான் இருக்கு, உங்க வீடுதான் எங்க வீடு மாதிரி ஆகுது. அதுதான் உங்க பயமே."

"எங்க வீடுன்னா?"

"ரெண்டாவது மாடி, எட்டாம் நம்பர். அந்த பச்சை நைட்டி எங்கம்மாது."

நிகேதன் கெட்டவர் இல்லை. முகம் சிவந்து, தண்ணீர் குடித்து, "நீ ஏன் சொல்லல?" என்றார். அடுத்த நிமிஷமே கண்கள் மின்ன, "அதான் அவ்வளவு நிஜமா இருந்துச்சு," என்றார். அவரைத் திருத்த அவளுக்கு நேரமில்லை.

"பதினெட்டாம் தேதி இடிக்கிறாங்க. நீங்க ஷூட்டிங் வச்சிருக்கறது இருபத்தஞ்சாம் தேதி. ஏழு அத்தியாயத்துல காட்டுன கட்டடம் எட்டாவதுல இல்லைன்னா என்ன பண்ணுவீங்க? அதுக்கு முன்னாடி எடுக்கணும்னா என்கிட்ட கேக்கணும். அப்புறம் அறுபத்துநாலு வீட்டுலயும் கதவு தட்டிக் கேக்கணும். நான் சொன்ன முடிவுன்னா கதவு தொறப்பாங்க."

"எடுத்தாலும் வெளிய வர மூணு மாசம் ஆகுமே. அதுக்குள்ள..."

"நேரலை சார். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி. வெட்டே இல்லாம ஒரே ஷாட்."

நிகேதன் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் கை தானாகவே காற்றில் ஒரு கேமராவைத் தள்ளியது. "ஒரே ஷாட்," என்றார். "நேரலை." அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை.

*

பத்து நாள் வேலை. செட் போடும் ஆசாரிகள் இருபது பேர் எஃப் பிளாக்கில் இறங்கினார்கள். அரசங்கன்றுகளை வேரோடு பிடுங்கினார்கள். பாசியைச் சுரண்டினார்கள். விரிசலுக்கு வழக்கம்போலப் பிளாஸ்டர் கலந்தபோது பிரிசில்லா வாளியை உதைத்தாள்.

"சிமெண்ட் போடுங்கண்ணே."

தலைமை ஆசாரி குழம்பினார். "கேமராவுக்குத் தெரியாதே மேடம்."

"குழாயும் மாத்துங்க."

"குழாய் சுவருக்குப் பின்பக்கம் போகுது. பின்பக்கமுமா போடணும்?"

"பின்பக்கத்துலதான்ண்ணே ஆள் இருக்காங்க."

முப்பது வருஷமாக முன்பக்கம் மட்டுமே கட்டி வந்தவர் அவர். அரண்மனை கட்டியிருக்கிறார், கோயில் கட்டியிருக்கிறார், எதற்கும் பின்பக்கம் கிடையாது. அன்று சாயங்காலம், தான் பூசிய சுவரின் பின்னால் ஒரு பெண் அலமாரியை நகர்த்தி வைப்பதை நின்று பார்த்துவிட்டு, மறுநாள் சுவர் மட்டம் பார்க்கத் தன் சொந்த ரசமட்டத்தைக் கொண்டு வந்தார்.

மொட்டைமாடியில் கூட்டம். பிரிசில்லா சபரிநாதனின் பட்டியலை வாசித்தாள்.

"வெள்ளை டிரஸ் போட்ட பொம்பள பால்கனில காபி குடிக்கணும்."

"யாரு குடிக்கிறது?"

"எங்கம்மா."

"வெள்ளைல எனக்கு ஏதுடி டிரஸ்? ஞானஸ்நானத்துக்குத் தச்சதுதான்," என்றாள் ரோசலின்.

"கம்பெனி குடுக்கும். அடுத்து, ஒரு ஆம்பள நாயோட ஓடணும்."

"எதுக்கு, தொரத்துதா?" என்றார் டில்லிபாபு.

"இல்லண்ணா. சேந்து ஓடணும். உடம்புக்கு."

"நாயி உடம்புக்கா, எங்க உடம்புக்கா?"

"நீச்சல் குளம் வேணும். கண்ணாடில வெயில் அடிக்கணும். ஒரு குடும்பம் தரையில உக்காந்து பலூனப் பாத்து சந்தோஷப்படணும். எல்லாரும் சிரிச்சுகினே இருக்கணும்."

"எதப் பாத்து?"

"எதையும் பாக்கக்கூடாது. சும்மா, காரணமே இல்லாம, கொஞ்சம் வானத்தப் பாத்து."

கீழ்வீட்டு மீன்காரம்மா முதலில் முயன்றார். தலையைச் சாய்த்து, வானத்தைப் பார்த்து, மெதுவாகப் பல்லைக் காட்டினார். பக்கத்தில் ஒருத்தியின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை அலறியது. அதற்குப் பிறகு மாடி முழுக்க ஒரே கெக்கலிப்பு. தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, ஏழு நாளில் இடிக்கப் போகிறார்கள், அறுபத்துநாலு குடும்பமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிரிசில்லா ஒரு குடத்தின்மேல் உட்கார்ந்து, அழுகிறோமா சிரிக்கிறோமா என்று தெரியாமல் மூக்கைத் துடைத்தாள்.

ரோசலினுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு வரவேயில்லை. தினமும் ஒத்திகை பார்த்தாள். உதடு விரியும், கண் முறைக்கும்.

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. கேமரா ஓடத் தொடங்கியது. பிரிசில்லா மொட்டைமாடியில், காதில் போனோடு. மறுமுனையில் சபரிநாதன், அலுவலகக் கணினியின் முன்னால்.

சாம்பல் பூசிய நாயகன் தள்ளாடி வந்தான். கையில் ஈட்டி. தெருமுனை திரும்பினான். வெள்ளை வெளேரென்று எஃப் பிளாக். அறுபத்துநாலு வீட்டு ஜன்னலிலும் வெவ்வேறு நிறம், ஏனென்றால் அந்த ஒரு விஷயத்தில் யாரும் யார் பேச்சையும் கேட்கவில்லை. கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக அறுத்து, நீலத் தாள் விரித்துச் செய்த நீச்சல் குளத்தின் ஓரத்தில், கறுப்புக் கண்ணாடி போட்ட மீன்காரம்மா கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்தார். டில்லிபாபு வெள்ளைக் கால்சட்டையில் ஓடி வந்தார். கயிறு கட்டி வாழ்க்கையில் பழக்கமில்லாத தெருநாய் அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. நாயகனைச் சுற்றி மூன்று தடவை கயிறு சுற்றிக்கொண்டது.

"குட் மார்னிங்," என்றார் டில்லிபாபு. அது அவருக்குக் கொடுத்திருந்த வசனம்.

"தண்ணீர்..." என்றான் நாயகன். அது அவனுக்குக் கொடுத்திருந்த வசனம்.

"நாங்களே பன்னண்டு நாளா அததான் கேட்டுகினு கீறோம்." இது எழுதியதில் இல்லை.

நாயகன் படியேறினான். இரண்டாம் மாடியில் ரோசலினின் குடத்தில் ஈட்டி இடித்தது. குடம் உருண்டது. வெள்ளை உடையில், காபிக் கோப்பையோடு, வானத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டியவள் திரும்பினாள்.

"கண்ணு தெரியலையா உனக்கு? உலகம் அழிஞ்சா பாத்து நடக்கக்கூடாதா?"

நாயகன் உண்மையிலேயே மிரண்டுபோய், "சாரி ஆன்ட்டி," என்று குனிந்து குடத்தை நிமிர்த்தினான். முப்பது லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே நிகேதன் தலையில் கை வைத்தார்.

"சார்?" என்றாள் பிரிசில்லா போனில்.

"யோசிக்குது," என்றார் சபரிநாதன். "குளம் எடுத்துக்கிச்சு. நாய் எடுத்துக்கிச்சு. பலூன்... இரும்மா. இரு." அவர் மூச்சு கேட்டது. "உயிருள்ளது. போட்டுருச்சும்மா. உயிருள்ளது, மூன்றாம் தரம்."

சுவருக்குள் ஏதோ கனைத்தது. புதுக் குழாய்களில் காற்று விக்கி, துப்பி, அறுபத்துநாலு வீட்டுக் குழாயிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் கொட்டியது. காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேடத்தை மறந்து வாளிக்கு ஓடினார்கள். பால்கனிகள் காலியாயின. பலூன்கள் தனியே பறந்தன. தலைமை ஆசாரி ஒரு குழாயின் அடியில் தலையை நீட்டி நின்றார்.

"அம்மா, கேக்குறியா," என்றது போன். "கீழ இன்னொரு வரி வருது. 'குடியிருப்போர்: எவரும் இல்லை. காட்சியில் உள்ளோர்: நடிகர்கள்.'"

"என்ன சார் சொல்றீங்க?"

"விளம்பரத்துல வர்றவங்க யாரும் அந்த வீட்டுல குடியிருக்க மாட்டாங்கன்னு அதுக்கு நல்லாத் தெரியும். அதனால வீடெல்லாம் காலின்னு கணக்கு. ஷூட்டிங் முடிஞ்சதும் குலுக்கல்ல வேற ஆளுங்களுக்குக் குடுத்துரும்."

"ஷூட்டிங் முடிஞ்சதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க டைரக்டர் பேக்கப் சொல்லுவார்ல. அதுக்குக் காதும் இருக்கும்மா."

பிரிசில்லா எட்டிப் பார்த்தாள். நிகேதன் ஆனந்தக் கண்ணீரோடு மைக்கை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

பிறந்தது முதல் அவள் அந்தப் படிகளில் இறங்கியிருக்கிறாள். எந்தப் படி வழுக்கும், எந்தத் திருப்பத்தில் கம்பியைப் பிடித்தால் நாலு படி மிச்சம் என்று காலுக்குத் தெரியும். தண்ணீர் வழிந்த படிகளில் பாதி ஓடி, பாதி சறுக்கி, நாயகனின் ஈட்டியைத் தாண்டி, டில்லிபாபுவின் நாயைத் தாண்டி, "எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பே..." என்ற இடத்தில் நிகேதன்மேல் விழுந்து மைக்கைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் அவர், தரையில் கிடந்தபடி.

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க சார்," என்றாள் பிரிசில்லா, அவர்மேல் உட்கார்ந்தபடி. "எப்பவுமே."

*

அவர் சொல்லவில்லை. பெருந்தன்மையினால் மட்டும் அல்ல. மூன்று மணி நேரம் தாண்டியும் நேரலை ஓடிக்கொண்டிருந்தது, முப்பது லட்சம் நாற்பதாயிற்று, இது எங்கே போய் முடியும் என்று உலகமே பேசியது. அது முடியவில்லை. 'மிச்ச உலகம்' எட்டாம் அத்தியாயம் இப்போது பதினாலாவது மாதமாக ஓடுகிறது. நிகேதன் வேறு படத்துக்குப் போய்விட்டார். நாயகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எஃப் பிளாக்கின் எதிரில் ஒரு கம்பத்தில் கேமரா மட்டும் இருக்கிறது. அதற்கு மழை படாமல் டில்லிபாபு ஒரு பழைய குடையைக் கட்டிவிட்டிருக்கிறார்.

இப்போது நூற்று நாற்பது பேர் பார்க்கிறார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. துணி காய்கிறது. யாரோ யாரையோ மோட்டார் போடச் சொல்கிறார்கள். சாயங்காலம் பிரிசில்லா வேலை முடிந்து வந்து, படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுகிறாள். வேலை இப்போது வேறு. பழைய குடியிருப்புகளுக்குக் குழாய் போடுகிறாள், பின்பக்கமும் சேர்த்து. விலாசம் கேட்டால் சொல்கிறாள்.

'பார்வை' மட்டும் ஒரு நாள் விடாமல் பார்க்கிறது. இரண்டு மாதம் முன்பு சபரிநாதன் போன் செய்து, கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பை அது தானாகவே 'உயிருள்ளது' என்று மாற்றிவிட்டதாகச் சொன்னார். காரணம் என்று எழுதியிருந்தது: படியில் வாளி.

இன்று சாயங்காலம் மறுபடி போன்.

"அம்மா, குடியிருப்போர்னு ஒரு இடம் இருக்குல்ல. காலியா இருந்தது. இன்னிக்கு ஒண்ணுன்னு வந்துருக்கு."

"யாரு சார்?"

"ரெண்டாவது மாடி, எட்டாம் நம்பர். உங்கம்மாதான். பதினாலு மாசமா பாத்துச்சாம். 'இவர் ஒரு நாளும் கேமராவை நோக்கிச் சிரித்ததில்லை. நடிகர் அல்லர்.' அப்படின்னு எழுதியிருக்கு. மத்த அறுபத்துமூணு வீட்டுக்கும் சொல்லி வைம்மா."

பிரிசில்லா நிமிர்ந்து பார்த்தாள். பால்கனியில் ரோசலின் ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தாள். படியேறிப் போய், மூச்சு வாங்க, விஷயத்தைச் சொன்னாள்.

ரோசலின் கேட்டாள். துணி கையிலேயே நின்றது. "நான் மட்டுமா? இந்த பிளாக்லயே நான் ஒருத்திதான் உசுரோட கீறனா?" முகம் ஒரு பக்கமாகக் கோணியது. கன்னம் துடித்தது. உதடு மெல்ல விரிய ஆரம்பித்தது.

"ம்மா, வேணாம்," என்று பிரிசில்லா அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "உள்ள வந்து சிரி."